கறுப்பு என்று நான் கையெழுத்திட்ட ஷீட்டுகள்

மதினி,

முதலில் வழக்கம்போல நம் பிள்ளைகள் விசயம். பெரியவன் வீட்டு மூத்தவன் மருந்து கொடுக்கிற படிப்பை முடித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டான். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு போகிறான். அவன் தங்கை டீச்சருக்குப் படிக்கிறாள். சின்னவன் மகனுக்கு ஓ.எல். சோதனையில் ஒன்பது பாடத்துக்கும் ஏ வந்திருக்கிறது, சிங்களத்துக்கும் சேர்த்து. மகள் வீட்டு நிரோஷா கம்பஸில் பௌதிகம் படித்து, கடைசி ஆராய்ச்சியும் முடித்து, எழுதிய புத்தகத்தை வருகிற வெள்ளிக்கிழமை ஒப்படைக்கப்போகிறாள். நம் ரப்பர் தோட்டத்து லய வீடுகளிலிருந்து அந்தப் படிப்புக்குப் போனவள் இதுவரைக்கும் அவள் ஒருத்திதான்.

நீங்கள் மகனோடு கஹவத்தைக்குக் குடிபோன பிறகு உங்களுக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் நான் இப்படித்தான் ஆரம்பிப்பேன். ‘புதுசா ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடுங்கள்’ என்று முடிப்பேன். இந்தக் கடிதத்துக்கு விலாசம் கிடையாது. நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. சாவுக்கு நான் வரவில்லை. முழங்கால் வலி என்று சொல்லியனுப்பினேன். அதே கிழமை இதே முழங்காலோடு கோயில் மேட்டை ஏறி இறங்கினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நிரோஷா வீட்டுக்கு வந்தாள். பையிலிருந்து இரண்டு ரப்பர் ஷீட்டை எடுத்துக் குசினி மேசையில் போட்டாள். கூடவே ஒரு பிளாஸ்டிக் பை, மூன்று முடிச்சுப் போட்டது. அதை அவள் அவிழ்த்தாள். ஒட்டுப்பால், மதினி. சிரட்டை அடியிலும் மரப்பட்டையிலும் காய்ந்துபோன பாலைச் சுரண்டி எடுத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, அழுகவிட்டுக் கழுவுவார்களே, அந்தக் கட்டி. செத்த எலியும் புளித்த மோரும் ஒன்றாகக் கலந்த அந்த நாற்றம். நான் எழுந்து பின்வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

“என்ன அம்மாயி, பெக்டரியில இருபது வருசம் நின்ன ஆளு நீங்க, இதுக்குப் போயி இப்பிடியா?” என்று சிரித்தாள் நிரோஷா.

நான் நின்றது ஷீட் மேசையில். ஒட்டுப்பால் கொட்டகையில் நின்றது நீங்கள். அங்கே உங்களை அனுப்பியது யார் என்று அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு வரைக்கும் தெரியாது.

அந்த மேசை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மேற்குப் பக்கச் சுவரில் ஒரு முழ அகலத்தில் உயரமாக ஒரே ஜன்னல். மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள். ரோலரில் போய், புகையறையில் தொங்கி, தேன் நிறத்தில் வருகிற ஷீட்டை ஒவ்வொன்றாகத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். குமிழ், பட்டைத்தூள், கரி, ஈரம். நல்லது ஒரு பக்கம், கழிவு ஒரு பக்கம். நான் ஒரு தரம் பார்த்துப் போட்டுவிடுவேன். நீங்கள் நீட்டுவாக்கில் ஒரு தரம், குறுக்குவாக்கில் திருப்பி ஒரு தரம், பிறகு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, வெளிச்சம் ஷீட்டின் முகத்தில் விழும்படி பிடித்து இன்னொரு தரம். மூன்று தரம்!

“மதினி, பொண்ணு பாக்க வந்த மாதிரி திருப்பித் திருப்பிப் பாக்குறீங்களே” என்பேன் நான்.

“பொண்ணு பாக்க வந்தவன் இப்பிடிப் பாத்திருந்தா ஒங்கண்ணனுக்கு நான் கெடச்சிருக்க மாட்டேன்” என்பீர்கள்.

உங்கள் வீட்டுக்காரரைத்தான் நான் அண்ணன் என்பேன். புகையறை அண்ணன். ரப்பர் விறகை ஈரம் பார்த்து அடுக்கி, சூடு ஏறாமல் புகை மட்டும் ஏறும்படி காக்கிற கை அவருக்கு. ஒரு மாரி காலத்தில் பெக்டரி ஐயாவுக்கு அவசரம். லொறி வருகிறது, ஷீட் ஏற்ற வேண்டும். ரோலரில் வந்த ஷீட் ஒரு நாளாவது நிழலில் தொங்கித் தண்ணி வடிய வேண்டும் என்பது தோட்டத்துக் குழந்தைக்கும் தெரியும். “வடியிறதெல்லாம் உள்ள வடியும், ஏத்துடா” என்று அண்ணனை விரட்டியது அந்த ஐயாதான். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். நீங்களும் கேட்டீர்கள்.

லொறியில் போன ஷீட் அப்படியே திரும்பி வந்தது. பெரிய தொரை பெக்டரிக்கு இறங்கி வந்தார். ஐயா ஒரு ஷீட்டை எடுத்து ஜன்னலில் நீட்டுவாக்கில் பிடித்தார். நடுவெல்லாம் கறுப்பு.

“பாருங்க சேர். விறக அள்ளிப் போட்டுட்டு இவன் எங்கயோ போயிருக்கான். கருகிப் போச்சு.”

அண்ணனுக்காக வாயைத் திறந்தது நீங்கள். “ஐயா, கோவிச்சுக்காதீங்க. அதக் கொஞ்சம் திருப்பிப் புடிங்க.”

“என்னத்தத் திருப்ப? கண்ணு தெரியுதில்ல?”

நீங்கள் அவர் கையிலிருந்தே அதை வாங்கிக் குறுக்குவாக்கில் பிடித்தீர்கள். ரோலர் இழுத்த திசையில் ஓடிக் கிடந்த அந்தக் கறுப்பு இப்போது மெலிந்து, இடையிடையே வெளிச்சம் வந்தது. பிறகு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, முகப்பு வெளிச்சத்தில் பிடித்தீர்கள். அதே இடம் பால் மாதிரி வெள்ளை.

“பொக கருக்குனதுன்னா வெளிச்சத்தத் தின்னுரும், எந்தப் பக்கம் பாத்தாலும் கறுப்பாத்தான் இருக்கும். இது திங்கலைங்க ஐயா, செதறவிட்டுருக்கு. உள்ள தண்ணி நிக்கிது. வடியாம ஏத்துனது.”

தொரைக்குத் தமிழ் அரைகுறை. ஐயாவைப் பார்த்தார். ஐயா என்னைப் பார்த்தார். “நீ அஞ்சாம் வகுப்புப் படிச்சவ. நீ சொல்லு. இது கறுப்பா வெள்ளையா?”

அந்தக் கிழமைதான் என் மகளுக்குப் பிள்ளைமடுவத்தில், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கேட்டு ஐயாவின் வாசலில் நின்றிருந்தேன். “பாப்போம், பாப்போம்” என்றிருந்தார்.

“கறுப்புத்தாங்க ஐயா” என்றேன்.

அதோடு விடவில்லை. ஒரு தாளில் அவர் எழுதினார், புகை கூடிக் கருகிய ஷீட், பார்த்த சாட்சி என்று. கீழே என் பெயரை எழுதச் சொன்னார். லயத்தில் பெருவிரல் வைக்காமல் பேனா பிடிக்கிற நாலைந்து பொம்பளைகளில் நான் ஒருத்தி. அந்தப் பெருமையில் எழுத்தெழுத்தாக, சுழியெல்லாம் வளைத்து, அழகாகப் போட்டேன். நீங்கள் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஷீட்டை இன்னும் கீழே வைக்கவில்லை.

சீ. எழுதும்போதே கை கூசுகிறது.

அண்ணனைச் சரிவு மலைக்குப் பால் வெட்ட அனுப்பினார்கள். புகையைத் தவிர வேறு தெரியாத மனுசன், மூச்சிரைத்து மூச்சிரைத்து மூன்று வருடத்தில் போய்ச் சேர்ந்தார். எதிர்த்துப் பேசிய குற்றத்துக்கு உங்களை ஒட்டுப்பால் கொட்டகையில் போட்டார்கள். என் மகளுக்கு வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் அவள் பிள்ளைகள் டவுன் பள்ளிக்கூடம் பார்த்தார்கள். நிரோஷாவும் அப்படிப் படித்தவள்தான்.

என்னிடம் நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், சண்டை போட்டால் ஆறியிருக்கும். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் கண்டால் “சாப்பிட்டியா?” என்றுதான் கேட்பீர்கள். நான்தான் மூக்கை வேறு பக்கம் திருப்புவேன்.

ஒரு நாள் கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் கொட்டகையிலிருந்து நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். துணி மாற்ற நேரம் இல்லை போலிருக்கிறது. “அனே, கந்தயி!” என்றாள் முன்சீட்டுச் சிங்கள நோனா, நாறுகிறதாம். ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நானும் முந்தானையால் பொத்தினேன், மதினி. பொத்திக்கொண்டு எழுந்து, யாரோ ஒருத்தியைப் போல, பின்னால் போய்க் கம்பியைப் பிடித்து நின்றேன். நீங்கள் கரவனெல்லை வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. உங்கள் பக்கத்து இடம் காலியாகவே வந்தது.

இதைவிட அசிங்கம் ஒன்று உண்டு. பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகு, மடியில் போட்டுக்கொண்டு நான் பெக்டரிக் கதை சொல்வேன். “அம்மாயி கண்ணு சாதாரணக் கண்ணா? எல்லாரும் ஒரு தரம் பாத்துப் போட்டுருவாளுக. நான் நீட்டுவாக்குல ஒரு தரம், குறுக்குவாக்குல ஒரு தரம், வெளிச்சத்துக்கு முதுகக் காட்டி ஒரு தரம்.” உங்கள் வேலையைப் பறித்தது போதாதென்று உங்கள் கண்ணையும் எடுத்து என் முகத்தில் ஒட்டிக்கொண்டேன். நிரோஷா வாயைப் பிளந்து கேட்பாள். ஐந்து வயதில் பலா இலையைப் பிடித்துத் திருப்புவாள், டொபித் தாளைப் பிடித்துத் திருப்புவாள். நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன மாதம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பாராட்டு வைத்தார்கள். பொன்னாடை போர்த்த வந்தது யார் தெரியுமா? அந்த ஐயாதான். பென்சன் வாங்கிப் பல வருடம் ஆகிறது. பல்லெல்லாம் புதுசு. மைக்கைப் பிடித்து, “இந்தப் புள்ளையோட அம்மாயி என் மேசையில நின்னவங்க. அந்தக் காலத்துல ஷீட்ட ஒரு பார்வ பாத்தா நான் சொல்லிருவேன், கருகுனதா இல்லையான்னு. ஒரு பார்வ போதும்” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து பல்லைக் காட்டினேன். கூட்டம் முடிந்து அவர் போட்டோவுக்குக் கூப்பிட்டபோது போய் நின்றேன். அவர் கை என் தோளில் பட்டது. வீட்டுக்கு வந்து அந்தச் சேலையை ஊறப்போட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நான் வாயைக் கொப்பளித்து வந்து உட்கார்ந்ததும், பையை முடிந்து வெளியே வைத்துவிட்டு, அவள் தன் ஆராய்ச்சியை எனக்குச் சொன்னாள். அவளுக்கு என்னிடம் சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

“வெளிச்சம் ரப்பருக்குள்ள போகுதுல்ல அம்மாயி, கொஞ்சத்த ரப்பர் முழுங்கிரும். கொஞ்சத்த அங்கயும் இங்கயுமாத் தட்டிவிட்டுரும். அந்தப் பக்கம் வெளிய வர்றத மட்டும் அளந்தா, கொறஞ்சது முழுங்குனதாலயா, தட்டிவிட்டதாலயான்னு தெரியாது.”

“அப்பறம் எப்பிடிக் கண்டுபிடிப்ப?”

“அந்தப் பக்கம் போறதையும் அளக்கணும், இந்தப் பக்கம் திரும்பி வர்றதையும் அளக்கணும். அப்பவும் எனக்குச் சரியா வரல. மூணு மாசம். ஷீட் முழுங்காத வெளிச்சத்தையெல்லாம் முழுங்குனதாக் கணக்குக் காட்டுச்சு. சேர் மெசினக் கொற சொன்னாரு. நான் அழுதேன். அப்பறந்தான் ஒங்க ஞாபகம் வந்துச்சு. நீட்டுவாக்கு, குறுக்குவாக்கு! நான் ஷீட்ட ஒரே வாக்குல வச்சே அளந்துருக்கேன். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரின்னு நெனச்சுக் கணக்குப் போட்டுருக்கேன்.”

சின்ன டோர்ச் ஒன்றை எடுத்தாள், ஊசி மாதிரி சிவப்பு வெளிச்சம் வருகிறது. ஷீட்டில் வைத்து அழுத்தினாள். வெளிச்சம் ரப்பருக்குள் பரவியது. வட்டமாக இல்லை. கோழி முட்டை மாதிரி நீண்டு கிடந்தது. டோர்ச்சை அசைக்காமல் ஷீட்டை மட்டும் திருப்பினாள். முட்டையும் கூடவே திரும்பியது.

“ரோலர் இழுத்த வாக்குல ஒரு மாதிரி ஓடுது, குறுக்க வேற மாதிரி ஓடுது. ரெண்டையும் தனித்தனியா அளந்தவொடன கணக்குச் சரியாயிருச்சு. ஷீட் பாவம் அம்மாயி, அது அவ்வளவு முழுங்கவே இல்ல. செதறத்தான் விட்டுருக்கு.”

திங்கலைங்க ஐயா, செதறவிட்டுருக்கு. உங்கள் குரல் அப்படியே என் குசினியில் கேட்டது. மேசையின் அந்தப் பக்கம் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அவள் புத்தகத்தின் முதல் தாளை எடுத்தாள். எல்லாம் இங்கிலீஸ். விரலை வைத்துத் தமிழில் சொன்னாள். “ஒரு பொருளை ஒரு திசையில் மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று எனக்குக் காட்டிய என் அம்மாயிக்கு. பாத்தீங்களா, கீழ ஒங்க பேரு! இந்தப் புத்தகம் லைப்ரரியில இருக்கும், நான் செத்தாலும் இருக்கும்.”

நான் நினைத்தேன், இருக்கட்டும் என்று. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம் நான் அப்படித்தான் நினைத்தேன். யாருக்குத் தெரியும்? அண்ணன் இல்லை, நீங்கள் இல்லை. ஐயா சொல்லப்போவதில்லை. என் பெயர் அச்சில், இங்கிலீஸில், கம்பஸில். அந்தத் தாளில் அழகாகப் போட்ட அதே பெயர்.

வெளியே வைத்த பையிலிருந்து நாற்றம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

“அத எடு” என்றேன்.

“பையவா? வெளியதான வச்சிருக்கேன்.”

“பைய இல்ல. என் பேர எடு.”

சொன்னேன், மதினி. லொறி, தொரை, ஜன்னல், கையெழுத்து, பிள்ளைமடுவம், பஸ், எல்லாம். ஒன்றையும் திருப்பி வைத்து அழகாக்கவில்லை. நடுவில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அம்மாவுக்கு வேல அதுலதான் கெடச்சதா?”

“ஆமா.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“சீ” என்றாள். எழுந்து பின்வாசலில் போய் நின்றாள். அந்தச் சொல் ஐயாவுக்கா எனக்கா என்று நான் கேட்கவில்லை. பங்கு பிரித்துக் கேட்க எனக்கு உரிமை இல்லை. அவள் ஊற்றிய தேத்தண்ணி மேசையில் ஆடை கட்டிக் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், கணினியைத் திறந்தாள்.

“அவங்க பேரு என்ன?”

இத்தனை வருடத்தில் உங்கள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. மதினி, மதினி என்றே காலம் போய்விட்டது. சொன்னபோது வேறு யாரையோ சொல்வதுபோல இருந்தது. இரண்டு தரம் சொல்ல வைத்து, எழுத்துக் கேட்டு, அடித்தாள். அம்மாயி போன இடத்தில் நீங்கள் வந்து நின்றீர்கள். பெருவிரல் மட்டும் வைக்கத் தெரிந்த உங்களுடைய பெயர். என் பெயர் அந்தத் தாளில் எங்கும் இல்லை.

பிறகு கஹவத்தைக்கு உங்கள் மகனுக்கு டெலிபோன் எடுத்தாள். புத்தகத்தைப் பற்றிப் பேசும் நாளில் திரையில் காட்ட உங்கள் படம் ஒன்று வேண்டுமாம். “அம்மா படம் எடுக்க விட்டாத்தான? ஐடென்டிக் கார்டுல இருக்குறதுதான், அதுவும் பாதி அழிஞ்சிருச்சு” என்றாராம் உங்கள் மகன்.

அதைக் கேட்டதும் நான் பெட்டியைத் திறந்து உங்கள் பழைய கடிதத்தை எடுத்தேன். மகனிடம் சொல்லி எழுதியது. நான் போட்டோ கேட்டதற்கெல்லாம் நீங்கள் தந்த ஒரே பதில் அது. ‘என் மூஞ்சிய ஒரு பக்கமாப் பாத்து என்ன செய்யப்போற? பஸ்ஸேறி நேர்ல வா. திருப்பிக் காட்டுறேன்.’ அன்றைக்கு அதைப் பகிடி என்று எடுத்துச் சிரித்துவிட்டு, அடுத்த கடிதத்திலும் போட்டோ கேட்டேன். தபாலில் வருகிற முகம் என்னிடம் ஒன்றும் கேட்காது என்பதால்தான் கேட்டேன். நேரில் வந்தால், “சாப்பிட்டியா?” என்பீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

இனிமேல் போட்டோ கேட்கமாட்டேன், மதினி.

வெள்ளிக்கிழமை புத்தகத்தை ஒப்படைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நிரோஷா கஹவத்தைக்குப் போகிறாள், உங்கள் மகனிடம் ஒரு பிரதி கொடுக்க. “நானும் வரட்டுமா?” என்று கேட்டேன். இன்னும் சரியாக முகம் கொடுக்கவில்லை அவள். “ஒங்க முழங்காலு?” என்றாள். சுருக்கென்று தைத்தது. “அது நல்லாத்தான் இருக்கு” என்றேன். எப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

உங்களைப் புதைத்த இடத்துக்குப் பூவும் வாங்கி வருவேன். ஆனால் அது போதாது. பின்வாசலில் கிடக்கும் அந்தப் பையை அவள் வீசப்போனாள். நான் விடவில்லை. ஒட்டுப்பால் கட்டியைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். கஹவத்தை வரைக்கும் அது என் மடியில் வரும். முன்சீட்டில் யாராவது ஜன்னலைத் திறக்கச் சொல்வார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்துவார்கள், சிலர் எழுந்தும் போவார்கள். போகட்டும். நான் எழுந்திருக்கமாட்டேன்.